விளையாட்டாகச் சொன்ன வார்த்தை

ஆசிரியர் கலாசாலையில் பயின்ற நாட்களில் நண்பர் ஒருவர் எங்கள் விடுதி அறைக்கு ஒரு பழைய கசெட்டைக் கொண்டு வந்தார். ஐம்பதுகளின் அமெரிக்க றொக் அன் றோல் பாடல்கள். அவற்றுள் 'லா பம்பா' மட்டும் ஸ்பானிய மொழியில் இருந்தது. ஒரு சொல்லும் விளங்கவில்லை. குரலின் துள்ளல் விளங்கிற்று. மெக்சிக்கோவின் நாட்டார் பாடலொன்றை றொக் தாளத்தில் பாடிய அந்த ரிச்சி வலென்ஸ் இறந்தபோது வயது 17 என்பதைப் பின்னர்தான் வாசித்தறிந்தேன். என் உயர்தர வகுப்பு இடாப்பிலுள்ள பிள்ளைகளின் வயது.

1957 ஜனவரி 31இல் இரண்டு விமானங்கள் வானில் மோதி, அவற்றிலொன்றின் சிதைவுகள் அவன் படித்த பாடசாலை மைதானத்தில் விழுந்தன. மாணவர்கள் இறந்தனர். பாட்டனாரின் இறுதிச் சடங்குக்குப் போயிருந்ததால் அவன் தப்பினான். அன்றிலிருந்து விமானமென்றால் அவனுக்குப் பயம்.

1959இன் கடுங்குளிரில் பட்டி ஹொலி, ஜே.பி. றிச்சர்ட்சன் ஆகியோரோடு பஸ்ஸில் ஊர் ஊராகச் சென்று பாடினான். பஸ்ஸின் வெப்பமூட்டி பழுதாகி, ட்ரம்ஸ் வாசித்தவர் பாதங்கள் விறைத்து வைத்தியசாலையில் கிடந்தார். சலித்துப்போன ஹொலி, பெப்ரவரி 2ஆம் திகதி இரவு அயோவா மாநிலத்தின் கிளியர் லேக்கில் நிகழ்ச்சி முடிந்ததும் சிறிய விமானமொன்றில் போகத் தீர்மானித்தார். விமானியைத் தவிர மூவருக்கே இடம். ஹொலியின் குழுவிலிருந்த டொமி அல்சப்புடன் காசு சுண்டி வலென்ஸ் ஓர் இடத்தை வென்றான். பயந்தவன் வென்றது அந்த ஆசனத்தைத்தான். நள்ளிரவு கடந்து புறப்பட்ட விமானம் சில நிமிடங்களில் பனி மூடிய வயலில் விழுந்தது. 22 வயது ஹொலி, 28 வயது றிச்சர்ட்சன், 21 வயது விமானி, வலென்ஸ் என நால்வரும் மாண்டனர்.

இவர்களைவிட அதிகமாக என் நினைவில் நிற்பவர் உயிரோடிருந்த வேலன் ஜெனிங்ஸ். காய்ச்சலோடிருந்த றிச்சர்ட்சனுக்குத் தன் இடத்தைக் கொடுத்தவர். உங்கள் பஸ் உறைந்து போகட்டும் என்று ஹொலி கேலி செய்ய, உங்கள் விமானம் விழட்டும் என்று இவரும் விளையாட்டாகச் சொல்லிவிட்டார். பின்னாளில் பெரும் பாடகரானார், 2002இல்தான் இறந்தார். அந்த வார்த்தையால் எழுந்த குற்ற உணர்வு பல ஆண்டுகள் தன்னை விடவில்லை என்று அவரே கூறியிருக்கிறார்.

அதை வாசித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். சில வருடங்களுக்கு முன் ஒரு வியாழக்கிழமை, வழமைபோல் பிந்தி வந்த மாணவனொருவனை, "இனி உன் முகத்தை எனக்குக் காட்டாதே" என்று ஏசினேன். அவன் சிரித்துக்கொண்டே போனான். மறுநாள் அஸருக்கு முன், பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அவனுடைய மௌத்துச் செய்தி வந்தது. மோட்டார் சைக்கிள் விபத்து. ஜனாஸாத் தொழுகையில் கடைசி ஸப்பில் நின்றேன்.

ஒவ்வோர் உயிரின் தவணையும் எழுதப்பட்டது என்பது எங்கள் ஈமான். ஜெனிங்ஸின் சொல்லால் விமானம் விழவில்லை. என் சொல்லாலும் எதுவும் நடக்கவில்லை. ஆனால் சொன்னது நான்.

மூன்றாம் நாள் போனபோது அவனுடைய உம்மா சொன்னார்: "நீங்க ஏசினத்தச் சொல்லிச் சொல்லி இரவெல்லாம் சிரிச்சான் சேர்."

இப்போது பிந்தி வரும் பிள்ளைகளுக்கு நான் முதலில் ஸலாம் சொல்கிறேன். பிறகுதான் இடாப்பைத் திறக்கிறேன்.