நிற்க மறுத்த வழங்கி

எங்கள் கணினிக் கழகம் பள்ளி நூலகத்திற்காக இரவல் பதிவு நிரல் ஒன்றை எழுதியது. நூலகத்தில் பொருத்துவதற்கு முன் அதை என் மடிக்கணினியிலேயே இயக்கிச் சோதித்தோம். இணையப் பக்கங்களை எடுத்துத் தரும் வழங்கி எங்கோ தொலைவில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. நம் கணினியே தனக்குத்தானே வழங்கியாகவும் இருக்கலாம். அப்போது அதன் முகவரி 127.0.0.1. எங்கள் வழங்கி அம்முகவரியில் 8000 என்னும் போர்ட் எண்ணில் இயங்கியது.

அன்று பிற்பகல் நூலக அட்டைகளைப் பார்த்து 43 இரவல்களைப் பதிந்தோம். பிறகு, வழங்கியை நிறுத்துவதற்காகக் கண்ட்ரோல் விசையையும் சி விசையையும் சேர்த்து அழுத்தினேன். இணைப்புகள் முடியும்வரை காத்திருப்பதாக ஒரு வரி திரையில் தோன்றியது. அவ்வளவுதான். ஐந்து நிமிடம் கடந்தும் வழங்கி நிற்கவில்லை.

“ஒன்பது போட்டு நிறுத்திவிடு!” என்றான் நண்பன்.

லினக்ஸ், மேக் போன்ற இயங்குதளங்களில், ஓடும் நிரலுக்குச் சமிக்ஞை அனுப்பலாம். ஒவ்வொரு சமிக்ஞைக்கும் ஓர் எண் உண்டு. நான் அழுத்திய விசைகள் அனுப்புவது 2. அது ஒரு வேண்டுகோள்தான். நிரல் கையிலுள்ள வேலையை முடித்துவிட்டு நிற்கலாம், கண்டுகொள்ளாமலும் இருக்கலாம். 9 அப்படியன்று. நிரலால் அதைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியாது. இயங்குதளமே நிரலை அந்தக் கணத்தில் முடித்துவிடும்.

எங்கள் நிரலோ பதிவுகளை நினைவகத்தில் வைத்திருந்து, நிற்கும் வேளையில்தான் கோப்பில் எழுதும். 9 போட்டால் 43 பதிவுகளும் போய்விடும். அட்டைகளை நூலகப் பொறுப்பாசிரியரிடம் ஏற்கெனவே திருப்பிக் கொடுத்துவிட்டோம். அதே விசைகளை மறுபடியும் அழுத்தவும் எனக்குத் துணிவில்லை. சில வழங்கிகள் இரண்டாம் முறை அழுத்தியதும் எதையும் எழுதாமல் நின்றுவிடும்.

“கொஞ்சம் பொறுடா. அது யாருக்காகக் காத்திருக்கிறது என்று பார்ப்போம்,” என்றேன்.

இன்னொரு சாளரத்தைத் திறந்து, 8000ஆம் போர்ட்டைப் பயன்படுத்துபவை எவை என்று பட்டியலிடும் கட்டளையைக் கொடுத்தேன். இரண்டு பெயர்கள் வந்தன. ஒன்று எங்கள் வழங்கி. மற்றொன்று என் உலாவி! அதில் இரவல் பட்டியல் பக்கம் இன்னும் திறந்திருந்தது. புதிய பதிவு வந்தவுடன் காட்ட வேண்டும் என்பதால், அந்தப் பக்கம் வழங்கியுடனான இணைப்பை விடாமல் பிடித்திருக்கும். விருந்தாளி எழுந்து போகும்வரை கதவைச் சாத்தாத வீட்டுக்காரரைப்போல் வழங்கி காத்திருந்தது.

பக்கத்தை மூடினேன். மறு வினாடியே வழங்கி நின்றது. கோப்பைத் திறந்து நண்பன் ஒவ்வொரு வரியாக எண்ணினான். 43 வரிகளும் இருந்தன.

மறுநாள், ஒவ்வோர் இரவலையும் அப்போதே கோப்பில் எழுதும்படி நிரலை மாற்றினோம். இணைப்புகளுக்காகப் பத்து வினாடிக்கு மேல் காத்திருக்க வேண்டாம் என்றும் வழங்கிக்குக் கட்டளையிட்டோம்.