ராரிடன் கரையில் முதல் ஆட்டம்

நியூயார்க்கிலிருந்து ரயிலேறினால் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் நியூ பிரன்ஸ்விக் வந்துவிடும். நியூஜெர்சி மாநிலத்தில், ராரிடன் ஆற்றங்கரையில் உள்ள ஊர். நம்மவர்கள் நிறைய வாழும் எடிசன் பக்கத்திலேயே இருக்கிறது. 1886-இல் ஜான்சன் அண்ட் ஜான்சன் தொடங்கியது இங்கேதான். ஆனால் ஊரார் மார்தட்டிக்கொள்வது வேறொன்றைச் சொல்லி: அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து பிறந்தது எங்கள் மண்ணில்!

1766-இல் தொடங்கிய ரட்கர்ஸ் கல்லூரிதான் அதற்குக் காரணம். 1869 நவம்பர் 6 அன்று பிரின்ஸ்டன் மாணவர்கள் காலை ரயிலில் வந்து இறங்கினார்கள். கல்லூரித் திடலில் அணிக்கு 25 பேர். சீருடை கிடையாது, தொப்பியையும் கோட்டையும் கழற்றி வைத்துவிட்டு இறங்கினார்கள். ரட்கர்ஸ் பையன்கள் அடையாளத்துக்குச் சிவப்புத் துணியைத் தலைப்பாகையாகக் கட்டிக்கொண்டார்கள். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் ஏறத்தாழ நூறு பேர். பாதிப் பேர் வேலியின் மீதே குந்தியிருந்தார்கள். ஆட்டத்தின் சூட்டில் இரண்டு வீரர்கள் பந்தைத் துரத்திக்கொண்டு அந்த வேலியில் போய் மோத, வேலியும் ஆட்களும் சேர்ந்து சரிந்தார்களாம். ரட்கர்ஸ் 6–4 என வென்றது. மாலையில் இரு தரப்பும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

அன்று ஆடியது இன்றைய அமெரிக்கக் கால்பந்தா என்றால், இல்லை. பந்து உருண்டை. அதைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடவும் கூடாது, எறியவும் கூடாது. உதைக்கலாம், கையால் தட்டலாம். நம் ஊர்க் கால்பந்துக்குத்தான் அது நெருங்கிய உறவு. பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடும் ரக்பி வழக்கம் பரவியது, 1874-இல் ஹார்வர்டும் கனடாவின் மெக்கில்லும் மோதிய பிறகு. அணிக்கு 11 பேர், பந்தை வைத்துத் தொடங்கும் கோடு என்று ஆட்டத்துக்கு உருவம் கொடுத்தவர் யேல் கல்லூரியின் வால்டர் கேம்ப், அது 1880-இல். ஆக, நியூ பிரன்ஸ்விக்கில் பிறந்தது கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி. ஆட்டம் வளர்ந்தது வேறு ஊர்களில். இதைச் சொன்னால் உள்ளூர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள்!

ஊரின் நிஜப் பெருமை என்று நான் நினைப்பது பால் ராப்சனை. ரட்கர்ஸில் படித்த, பின்னாளில் உலகறிந்த பாடகரான அந்தக் கறுப்பின இளைஞர் 1917, 1918 ஆண்டுகளில் நாட்டின் தலைசிறந்த கல்லூரி வீரர்களில் ஒருவராகத் தேர்வானவர். 1916-இல் ஒரு தென்மாநில அணி கறுப்பருடன் ஆட மறுத்தபோது, ரட்கர்ஸ் அவரை வெளியே உட்கார வைத்தது. அதே கல்லூரி இன்று அவர் பெயரில் ஒரு சதுக்கம் அமைத்திருக்கிறது.

முதல் ஆட்டம் நடந்த திடலில் இப்போது உடற்பயிற்சிக்கூடமும் வண்டி நிறுத்துமிடமும் இருக்கின்றன. ஆட்டங்கள் ஆற்றுக்கு அக்கரையில், பிஸ்கட்டவே மைதானத்தில் நடக்கின்றன. முதல் வெற்றிக்கு அடுத்த வாரமே பிரின்ஸ்டன் தன் ஊரில் 8–0 என்று திருப்பிக் கொடுத்துவிட்டது. ரட்கர்ஸ் மறுபடி பிரின்ஸ்டனை வென்றது 69 ஆண்டுகள் கழித்து, 1938-இல்தான்.