சில நிமிட மருந்து

'தசைத் தளர்த்தி' என்று தமிழில் எழுதிவிடுகிறோம். சொல் மென்மையானது, செயல் அப்படியன்று. மூச்சுக்குழாய்க்குள் குழல் செலுத்தக் குரல்நாண்கள் தளரவேண்டும். அதே ஊசி மூச்சுத் தசைகளையும் முடக்கிவிடும். அந்த நேரம் நோயாளியின் மூச்சு மயக்க மருத்துவரின் கையில்தான். விரைவில் பற்றி விரைவில் விடும் மருந்தை அவர்கள் தேடியதன் காரணம் இதுவே.

1951 முதல் அறுவை அரங்கில் வழங்கும் சக்சினைல்கோலின் ஒரு நிமிடத்துக்குள் பற்றும். 5 முதல் 10 நிமிடத்தில் விடும். பின்னர் வந்த மைவகூரியம் சற்றே மெதுவானது. 15, 20 நிமிடம் நிற்கும். இரண்டையும் குறுங்கால மருந்துகள் என்கிறார்கள். அது பாதி உண்மை என்பதே நம் எண்ணம். அவற்றின் காலத்தைக் குறுக்குவது நோயாளியின் குருதியிலுள்ள ஒரு நொதி. ப்யூட்டிரைல்கோலினெஸ்டரேஸ் என்னும் அந்நொதி இல்லாதவருக்கு இரு மருந்துகளுமே சில மணி நேரம் நிற்கும். அதுவரை செயற்கைச் சுவாசமும் மயக்கமும் தொடர்ந்தால் ஆபத்தில்லை. நினைவு திரும்பியும் விரல் அசைக்க முடியாத நிலையை எண்ணிப் பார்க்கவே கூசுகிறது.

இது எங்கோ நடக்கும் கதையன்று. ஆரிய வைசிய சமூகத்தாரிடம் இக்குறை மற்றவர்களைவிடப் பல மடங்கு மிகுதி. கோவை பாரதியார் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பங்கேற்ற ஆய்வொன்று, அதற்குக் காரணமான மரபணு மாற்றத்தை 2006இல் வெளியிட்டது. தலைமுறை தலைமுறையாகச் சமூகத்துக்குள்ளேயே மணம் முடித்ததன் எச்சம் அது.

பரம்பரைக் குறை இல்லாதவரும் தப்பினார் என்று சொல்வதற்கில்லை. ஒட்டன்சத்திரம் சந்தைக்கு வரும் தக்காளிக்கும் கத்தரிக்கும் தெளிக்கும் பூச்சிக்கொல்லிகளில் குளோர்பைரிபாஸ் போன்ற ஆர்கனோபாஸ்பேட் வகை இதே நொதியை முடக்கவல்லது. நம் பக்கத்தில் அத்தெளிப்பை 'மருந்தடிப்பது' என்றே சொல்வார்கள். "மருந்து ஏதும் சாப்பிடுகிறீர்களா?" என்று மருத்துவர் கேட்டால், முந்தின நாள்வரை தோட்டத்தில் மருந்தடித்தவர் "இல்லை" என்பார். பொய்யில்லை, கேள்விதான் போதவில்லை.

ரோகுரோனியம் இந்நொதியை நம்பியில்லை. மிகு அளவில் ஒரு நிமிடத்தில் பற்றும்; ஆனால் ஒரு மணி நேரம்கூட நீடிக்கும். சுகாமாடெக்ஸ் கொடுத்தால் சில நிமிடத்தில் முறிந்துவிடும். முறிமருந்தின் விலைதான் சிறிய மருத்துவமனைகளுக்கு எட்டாது. அவசரத்தில் சக்சினைல்கோலினையே எடுக்கும் மருத்துவரை நாம் குறைசொல்ல மாட்டோம்.

"அப்பாவுக்கு ஆபரேசன் முடிந்து மூச்சு திரும்ப வெகுநேரமாயிற்று" என்று வீட்டில் யாரேனும் சொல்லியிருந்தால், அதை ஒரு தாளில் எழுதி மருத்துவச் சீட்டுகளோடு வைத்திருங்கள். மயக்க மருத்துவர் கேட்காவிட்டாலும் காட்டுங்கள்.