எழுத்தும் எடையும்

ட்ரூ டெம்பர் என்றதும் கோல்ஃப் ஆடுகிறவர்களுக்கு, பந்தை அடிக்கும் கிளப்பின் தண்டான ஷாஃப்ட்தான் ஞாபகம் வரும். டைகர் உட்ஸ் பல வருடங்களாகத் தன் அயர்ன் கிளப்களில் வைத்திருந்த டைனமிக் கோல்டு ஷாஃப்ட் அவர்கள் செய்ததுதான். ஆனால் அந்தக் கம்பெனியின் பூர்வீகம் கோல்ஃப் அல்ல. அதன் பழைய பெயர் ‘அமெரிக்கன் ஃபோர்க் அண்ட் ஹோ கம்பெனி’. வைக்கோல் அள்ளும் கவையும் களைக்கொத்தும் செய்து விற்றுக்கொண்டிருந்தவர்கள். ட்ரூ டெம்பர் என்பது அந்தக் கருவிகளின் மேல் குத்திய முத்திரை. ஸ்டீல் ஷாஃப்ட் பிறகுதான் வந்தது.

எனக்கு இதில் பெரிய ஆச்சரியம் இல்லை. ஊர்ப்பக்கம் மண்வெட்டிக்குக் காம்பு வாங்கப் போகிறவரைக் கவனித்திருக்கிறேன். கட்டிலிருந்து ஒவ்வொன்றாக உருவுவார், கையில் தூக்குவார், வெறும் தரையை வெட்டுகிற மாதிரி ஒருமுறை ஓங்குவார். “இது கனக்குது”, “இது துள்ளுது” என்று நாலைந்தைத் தள்ளிவிட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு போவார். காம்பின் மேல் ஒரு எழுத்தும் இருக்காது. கோல்ஃப் ஷாஃப்ட் வாங்கும்போது நாம் எழுத்தைத் தவிர வேறெதையும் பார்ப்பதில்லை.

எல், ஏ, ஆர், எஸ், எக்ஸ். வளையும் தன்மையைக் குறிக்கும் இந்த எழுத்துகளுக்கு எல்லோருக்கும் பொதுவான அளவுகோல் எதுவும் கிடையாது. ஒரு கம்பெனியின் ஆர், இன்னொரு கம்பெனியின் எஸ்ஸைவிட விறைப்பாக இருக்கலாம். ஒரே கம்பெனியின் இரண்டு வகைகளுக்குள்ளேகூட ஒத்துப்போகாது. ஷாஃப்டின் அடிப்பகுதியை இறுக்கமாகப் பிடித்து, மறுமுனையை மீட்டி, நிமிடத்துக்கு எத்தனை முறை ஆடுகிறது என்று எண்ணுகிற கருவி இருக்கிறது. அதில் வருகிற எண் பேசும், எழுத்து பேசாது. ஆனால் எண்ணைச் சொல்லிப் பெருமைப்பட முடியாது, எழுத்தைச் சொல்லிப் பெருமைப்படலாம். எஸ் என்றால் ஸ்டிஃப். ‘ஸ்டிஃப் வெச்சிருக்கேன்’ என்பதில் ஒரு மிடுக்கு இருக்கிறது. ஆர் என்றால் ரெகுலர், அதாவது சாதா. சாதா என்று யார் வாயால் சொல்லிக்கொள்வார்கள்?

எடையைப் பற்றி யாரும் மிடுக்காகப் பேசுவதில்லை. ஆனால் கை முதலில் உணர்வது அதைத்தான். டைனமிக் கோல்டு எஸ்300 வெட்டாத நிலையில் சுமார் 130 கிராம். ஜப்பானின் நிப்பான் ஷாஃப்ட் செய்யும் 950ஜிஹெச் நூறு கிராமுக்குள் அடங்கிவிடும். இரண்டும் ஸ்டீல்தான். கிராஃபைட்டுக்குப் போனால் ஐம்பது அறுபது கிராமிலும் கிடைக்கிறது. கிளப்பின் மொத்த எடையே நானூறு கிராமை ஒட்டித்தான் இருக்கும் என்னும்போது முப்பது கிராம் சின்ன விஷயமில்லை. முதல் ஒன்பது குழியில் அது தெரியாது. பதினாலாவது குழியில், மே மாத வெயிலில், பந்து வலப்பக்கமாக நழுவத் தொடங்கும்போது தெரியும். அப்போது ஆட்டக்காரர் தன் ஸ்விங்கைத் திட்டிக்கொண்டிருப்பார்.

வளைவுக்கு வேலையே இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் சவுக்கைச் சொடுக்குவது போல ஷாஃப்ட் வளைந்து நிமிர்ந்து பந்தைத் தள்ளிவிடுகிறது என்ற நம்பிக்கையை மட்டும் கைவிடலாம். கிளப்பின் தலையும் பந்தும் தொட்டுக்கொண்டிருப்பது ஏறத்தாழ அரை மில்லி விநாடி. அந்த நேரத்துக்குள் ஷாஃப்ட் எதுவும் செய்துவிட முடியாது. பந்தைத் தொடும் முன் தலை எந்தக் கோணத்தில், எந்த இடத்துக்கு வந்து சேர்கிறது என்பதில்தான் அதன் பங்கு. அந்தப் பங்கிலும் எடைக்குத்தான் பெரும்பங்கு என்பது என் கட்சி. எதிர்க்கட்சியில் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

ஹிக்கரி மரத்தில் ஷாஃப்ட் செய்த காலத்தில் எழுத்தும் இல்லை, எண்ணும் இல்லை. அமெரிக்க கோல்ஃப் சங்கம் 1924-ல் ஸ்டீலை அனுமதித்தது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் கிளப்காரர்கள் 1929 வரை இழுத்தார்கள். அதற்கு அடுத்த ஆண்டு, 1930-ல், பாபி ஜோன்ஸ் நான்கு பெரிய போட்டிகளையும் ஒரே வருடத்தில் வென்றது ஹிக்கரியை வைத்துத்தான். கிளப் கிளப்பாகக் கையில் தூக்கிப் பார்த்து, வருடக்கணக்கில் சேர்த்த செட் அது. பல வருடங்கள் கழித்து அதைக் கருவியில் வைத்து அளந்தபோது ஒன்றைத் தவிர எல்லாம் ஒரு வரிசையில் நின்றனவாம். அந்த ஒன்று, தனக்கு எப்போதும் சரியாக அமைந்ததில்லை என்று அவரே சொல்லிவந்த கிளப்பாம். கோல்ஃப் உலகில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் கதை இது. சொல்லச் சொல்லக் கொஞ்சம் மெருகேறியிருக்கலாம். இருந்தாலும் கட்டிலிருந்து காம்பை உருவுகிற அந்தக் கையை அறிந்தவன் இதை நம்பவே விரும்புவான்.

சென்னையில் ஷாஃப்ட் மாற்ற வைப்பது பெரும்பாலும் ஞானம் அல்ல, துரு. கிரிப்பின் நுனியில் ஒரு சின்னத் துளை இருக்கும். உப்புக்காற்றும் வியர்வையும் அதன் வழியே இறங்கிவிடும். வெளியே முலாம் பளபளக்க, உள்ளே குழாய் அரித்துக்கொண்டிருக்கும். கொக்கிக் கத்தியால் கிரிப்பைக் கீறி உரித்தால், பழைய டேப்போடு பழுப்புப் பொடி மேசையில் கொட்டும். நண்பர்களுக்காக இந்த வேலையை வீட்டிலேயே செய்துகொடுக்கிறேன். ஒரு வைஸ், ஒரு ஹீட் கன், பைப் கட்டர், உப்புத்தாள், இரண்டு டியூப் எபாக்ஸி போதும்.

ஷாஃப்டை ரப்பர் வைத்து வைஸில் பிடித்து, தலையில் அது நுழையும் கழுத்தைச் சூடாக்க வேண்டும். ஒன்றிரண்டு நிமிடத்தில் எபாக்ஸி இளகி, கருகின நாற்றம் வரும். துணி சுற்றிய கையால் தலையை மெல்லத் திருகினால், முதலில் அசையாது, பிறகு திடீரென்று வழிவிடும். கிராஃபைட்டாக இருந்தால் திருகவே கூடாது, இழை பிரிந்துவிடும். நேராக இழுக்கத் தனிக் கருவி வேண்டும். கழுத்துக்குள் ஒட்டியிருக்கும் பழைய பசையைக் கம்பி பிரஷ் விட்டுச் சுரண்டி, தின்னரில் துடைத்துவிட்டு டார்ச் அடித்துப் பார்ப்பேன். புது ஷாஃப்டின் முனையில் முலாம் போகும்வரை உப்புத்தாள் போட வேண்டும். பளபளப்பின் மேல் எபாக்ஸி பிடிக்காது. இந்த ஒரு வேலையில் அவசரப்பட்டவர்களுடைய தலை, பந்தைத் தொடர்ந்து மைதானத்துக்குள் பறந்ததுண்டு.

வாங்கும்போதே முனையின் அளவைக் கேட்டுக்கொள்ள வேண்டும். 0.355 அங்குலம் என்றால் கூம்பிப்போகும் முனை. அதில் ஒவ்வொரு அயர்னுக்கும் அதற்குரிய நீளத்தில் தனி ஷாஃப்ட். 0.370 என்றால் நேர்முனை. ஒரே நீளத்தில் வாங்கி, கிளப்புக்குத் தகுந்தபடி முனையிலிருந்து வெட்டிக்கொள்ளலாம். வித்தியாசம் அரை மில்லிமீட்டர்கூட இல்லை. ஆனாலும் பெரியது சின்னதற்குள் போகாது.

வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வுபெற்ற நண்பர் ஒருவருக்கு முழங்கையில் வலி. அயர்ன்களில் எஸ்300 போட்டு வைத்திருந்தார். எடை குறைத்துப் பார்க்கலாம் என்றேன். “ஆர் போட்டா பசங்க சிரிப்பாங்க சார்” என்றார். முதலில் யாரோ சொன்னார்கள் என்று ஒரேயடியாக அறுபத்தைந்து கிராம் கிராஃபைட்டுக்குத் தாவினார், அதையும் 7 அயர்னில் மட்டும் போடச் சொன்னேன். ஏழு ஷாஃப்ட் வாங்குவதற்கு முன் ஒன்றை வாங்கிப் பார்ப்பதுதான் புத்தி. 6-ம் 8-ம் பழையபடி இருந்தால் ஒப்பிட வசதி.

நந்தனம் கோல்ஃப் மைதானத்தில் அவருடைய பையைச் சுமக்கும் கேடி அதை வாங்கி ஒருமுறை வீசிப் பார்த்தார். “தலை எங்க இருக்குன்னே தெரியல சார்.”

சரியாகத்தான் சொன்னார். கிரிப் முனையிலிருந்து 14 அங்குலத்தில் கிளப்பைத் தாங்கவைத்து, தலைப்பக்கம் எவ்வளவு இழுக்கிறது என்று பார்ப்பதை ஸ்விங் வெயிட் என்பார்கள். ஆண்கள் அயர்ன்களில் டி2-வை ஒட்டி இருப்பது வழக்கம். ஷாஃப்டில் ஒன்பது பத்து கிராம் குறைந்தால் ஒரு புள்ளி இறங்கும். இவர் குறைத்தது அறுபத்தைந்து கிராம். தலையில் இரண்டு கிராம் ஏற்றினால் ஒரு புள்ளி திரும்பக் கிடைக்கும், அரை அங்குலம் நீளம் கூட்டினால் மூன்று. ஈயப் பட்டையை ஒட்டி ஒட்டிப் பார்த்தோம். கணக்கு நேரானது, வீச்சு நேராகவில்லை. மொத்தக் கனமும் கொஞ்சம் வேண்டும் போலிருக்கிறது, இல்லாவிட்டால் கை அவசரப்படுகிறது. இந்த இடத்தில் விதி எதுவும் என்னிடம் கிடையாது. ஆளைப் பொறுத்தது.

கடைசியில் 950ஜிஹெச். எழுத்து ஆர். இரண்டு வாரம் 7 அயர்னை மட்டும் அடித்துவிட்டு, மீதி ஆறுக்கும் அதையே போடச் சொல்லிப் பையோடு வீட்டுக்கு வந்துவிட்டார். வலி குறைந்ததா என்று கேட்டதற்கு, “பந்து மேல எழும்புது” என்றார், கேட்டதை விட்டுவிட்டு. எபாக்ஸி குழைத்து முதல் தலையைச் செருகப்போன நேரத்தில் கையைப் பிடித்துக்கொண்டார். ஷாஃப்டின் மேல் ஒட்டியிருக்கும் லேபிள் அடிப்பக்கம் போகும்படி திருப்பி ஒட்ட முடியுமா என்று கேட்டார். கண்ணை உறுத்தாமல் இருக்கத் தொழில்முறை ஆட்டக்காரர்களில் சிலரும் அப்படித்தான் போடுகிறார்களாம். முடியும் என்றேன். ஆட்டத்துக்கு அதனால் ஒன்றும் ஆகிவிடாது. ஏழையும் லேபிள் கீழே தெரியும்படி ஒட்டி, ஒரு நாள் காயவிட்டுக் கொடுத்தேன்.