காலிலும் நாடி உண்டு சார்!

முதலில் நான் திட்டியது செருப்புக் கடைக்காரரைத்தான். 2019 கார்த்திகை. நாகரசம்பட்டி பஸ் ஸ்டாப்பில் இறங்கினால் எங்கள் வீடு கூப்பிடு தூரம். அதற்குள் இடது உள்ளங்காலில் ஒரு பிடிப்பு. நின்றால் ரெண்டு நிமிஷத்தில் சரியாகும், நடந்தால் மறுபடி பிடிக்கும். புதுச் செருப்பு கடிக்கிறது என்று முடிவு கட்டி, செருப்பை மாற்றினேன். காலை மாற்ற முடியவில்லை.

ஓசூரில் ஷிஃப்ட் வேலை. வயது 33. சுகர் இல்லை, பிரஷர் இல்லை. இருந்ததெல்லாம் தினம் ஒரு கட்டு பீடி. அதைப் பழக்கம் என்றே நான் நினைத்ததில்லை. டீயோடு வரும் இலவச இணைப்பு மாதிரி!

முதல் டாக்டர் வாதம் என்று மாத்திரை கொடுத்தார். அடுத்தவர் நரம்புத் தளர்ச்சி என்று ஊசி போட்டார். பாட்டி வேப்பிலை அடித்தாள். (மூன்றில் பாட்டிதான் சல்லிசு.) தை பிறந்தும் வழி பிறக்கவில்லை. கட்டைவிரல் நுனி நீலம் பாரித்தது. நகத்தோரம் ஒரு புண், ஆறவே மாட்டேன் என்றது. ராத்திரி வலிக்குக் காலைக் கட்டிலுக்குக் கீழே தொங்கப்போட்டு, உட்கார்ந்தபடியே தூங்கினேன்.

கடைசியில் பெங்களூரில் ஒரு ரத்தக்குழாய் சர்ஜன். புறங்காலில் விரலை வைத்துப் பார்த்துவிட்டு, "இங்க நாடியே இல்லையே" என்றார். நாடி என்றால் கையில் மட்டும் என்று நினைத்திருந்தவன் நான். அப்புறம் முஷ்டியை மூடச் சொன்னார். மணிக்கட்டில் ரெண்டு பக்கமும் அழுத்திப் பிடித்து, கையைத் திறக்கச் சொல்லி, சுண்டுவிரல் பக்கம் மட்டும் விட்டார். உள்ளங்கை வெளுத்தது வெளுத்தபடியே இருந்தது. கையிலும் ஆரம்பம்! இதே நோய்க்காக எட்கர் ஆலன் 1929-ல் சொன்ன சோதனையாம்.

"பீடியா, சிகரெட்டா?" என்றார் டாக்டர். பிடிப்பாயா என்று கேட்கவேயில்லை.

பர்ஜர் நோய். நியூயார்க்கில் லியோ பர்ஜர் என்ற டாக்டர் 1908-ல், வெட்டி எடுத்த 11 கை கால்களை ஆராய்ந்து எழுதினார். சின்ன, நடுத்தர ரத்தக்குழாய்களில் அழற்சி வந்து, உள்ளே ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்கிறது. மாரடைப்புக்காரர்களுக்குப் போல கொழுப்பு படிவதில்லை. பெரும்பாலும் மாட்டுவது 45 வயசுக்குட்பட்ட, புகையிலையை விடாத ஆண்கள். இதுதான் என்று அடித்துச் சொல்ல ரத்தப் பரிசோதனை கிடையாது. சர்க்கரையா, லூபஸா, இதயத்திலிருந்து வந்த ரத்தக்கட்டியா என்று ஒவ்வொன்றாய்த் தள்ளிக்கொண்டே வந்தார்கள். ஆஞ்சியோகிராமில் அடைப்பைச் சுற்றிக் குட்டிக் குட்டிக் குழாய்கள், ஸ்க்ரூ மாதிரி சுருள் சுருளாக.

"மருந்து?"

"பீடியை விடறதுதான்."

"குறைச்சுக்கறேன் சார்..."

"ஒண்ணு பிடிச்சாலும் அதே கதைதான். வாயில அடக்கற புகையிலையும் கூடாது, நிகோட்டின் சூயிங்கமும் கூடாது. விட்டா காலைக் காப்பாத்தலாம். விடலேன்னா முதல்ல விரல், அப்புறம் பாதம், அப்புறம் முழங்கால்."

தவணை முறை!

விட்டேன் என்று எழுத ஒரு வார்த்தை போதும். அந்த முதல் மாசம் வீட்டில் யாரும் என்னோடு பேசவில்லை, நானும் மனுஷனாய் இல்லை. ஆறாம் நாள் திருட்டுத்தனமாய் ஒன்றைப் பற்றவைத்தேன். பாதியில் விரல் சுரீர் என்றதும் கீழே போட்டேன். அதுதான் கடைசி. கட்டைவிரல் நுனி போனது போனதுதான். புண் ஆற அஞ்சு மாசம்.

கம்பெனி வாசல் டீக்கடைக்கு அப்புறம்தான் போனேன். நொண்டி நொண்டி வருவதைப் பார்த்து அண்ணாச்சி பதறி ஸ்டூலை இழுத்துப் போட்டார். எல்லாம் கேட்டுவிட்டு, உச்சுக் கொட்டிவிட்டு, நோட்டைப் புரட்டினார்.

"பழைய பீடிக் கணக்குல பதினெட்டு ரூபா நிக்குது தம்பி."