செவியும் சிவப்பு மையும்

ஐம்பதைக் கடந்த பின்னரே நான் மாலை வகுப்பொன்றில் பிரெஞ்சு மொழி கற்கத் தொடங்கினேன். தலைமையாசிரியர் புத்தகப் பையுடன் புறப்படுவதைக் கண்டு இல்லத்தார் நகைத்தனர். எங்களுக்குக் கற்பித்தவர் பாரிசில் பிறந்து வளர்ந்த அம்மையார்.

ஒருநாள் அவர் விதியொன்றை விளக்கினார். விருப்பம், ஐயம், இன்னும் நிகழாமை போன்றவற்றைக் குறிக்கப் பிரெஞ்சில் தனி வினைவடிவம் உண்டு, 'சப்ஜங்டிவ்' என்பர். 'முன்னர்' எனப் பொருள்படும் 'அவாங் க' என்னும் தொடரை அடுத்து அது வரும். செயல்தான் இன்னும் நிகழவில்லையே! 'பின்னர்' எனப் பொருள்படும் 'அப்ரே க' என்பதை அடுத்து வரலாகாது. நிகழ்ந்து முடிந்ததில் ஐயமேது? ஆகவே, 'அவர் சென்ற பின்னர்' என்பதற்கு 'அப்ரே கில் ஏ பார்த்தி' என்பதே இலக்கணம். 1635இல் நிறுவப்பெற்ற பிரெஞ்சு அகாதெமியின் தீர்ப்பும் இதுவே.

அன்று மாலையே, தேநீர் அருந்தியவாறு உரையாடுகையில், அதே அம்மையார் 'அப்ரே கில் சுவா பார்த்தி' என்றார். 'சுவா' என்பது அவரே விலக்கிய வடிவம்! மெல்லச் சுட்டிக்காட்டினேன். "நான் ஒருபோதும் அப்படிச் சொல்வதில்லை" என்று மறுத்துவிட்டார்.

அவர் பொய் சொன்னதாக நான் கருதவில்லை. பிரெஞ்சுக்காரர் பலரும் இவ்வாறே பேசுகின்றனர். 'அவாங் க' தொடரோடு கொண்ட ஒப்புமையே காரணம் என்பர். எழுத்து வழக்கிலுள்ள இறந்தகால வடிவமொன்று சப்ஜங்டிவ் வடிவமொன்றோடு ஒலியில் ஒன்றிப்போவதையும் காட்டுவர். எழுத்தின் தலையில் இடும் சிறு குறி ஒன்றே அவற்றிடை வேறுபாடு.

அவர் செவிக்கு உண்மையில் எது இயல்பு? இரு வாக்கியங்களையும் அடுத்தடுத்து எழுதி, 1 முதல் 7 வரை மதிப்பெண் இடுமாறு வேண்டினேன். இலக்கண வாக்கியத்திற்கு 7, மற்றதற்கு 1. தேர்வெழுதும் மாணவியைப் போல் நொடியில் இட்டுவிட்டார்.

மொழியியலார் நடத்தும் சோதனைகளைப் பற்றிப் படித்தபோதுதான் என் பிழை விளங்கிற்று. இணை வாக்கியங்களில் ஒன்றையே ஒருவருக்குக் காட்டுவர். மற்றது வேறொருவருக்குச் செல்லும். நோக்கம் புலப்படாதிருக்கத் தொடர்பற்ற வாக்கியங்களை இடையிடையே கலப்பர். "சரியா?" என்று வினவாது, "இயல்பாக ஒலிக்கிறதா?" என்பர். தாராளமாக மதிப்பெண் இடுவாரும் கருமிகளும் உளராதலின் (ஆசிரியர்களாகிய நாம் அறியாததா!), ஒவ்வொருவர் எண்ணையும் அவரவர் சராசரியோடு வைத்தே நோக்குவர். வினைகளையும் ஆய்ந்தெடுக்க வேண்டும். 'அவர் பேசுகிறார்' என்பதில் வரும் 'பார்ல்' இரு வடிவத்திற்கும் ஒன்றே. அத்தகைய வினையால் எதுவும் புலப்படாது. வாசிக்கும் நேரத்தை அளப்பாரும் உண்டு. கண் தடுக்குவதை மறைப்பது கடினம்.

"இது சரியா?" என்று நான் வகுப்பில் கேட்டுக் கழித்த ஆண்டுகள் முப்பது. பிள்ளைகள் வாக்கியத்தைப் பார்த்ததில்லை. என் முகத்தைத்தான் பார்த்தார்கள். 'ஒரு ஊர்' என்று எழுதியவர்களுக்கெல்லாம் சிவப்பு மையால் 'ஓர் ஊர்' என்று திருத்தியிருக்கிறேன். சென்ற வாரம் பேத்திக்குக் கதை சொல்லும்போது என் குரலை நானே உற்றுக் கேட்டேன். "ஒரு ஊரிலே..." என்றுதான் தொடங்கினேன். அதற்கு முன் யாரேனும் கேட்டிருந்தால் நானும் மறுத்திருப்பேன்.