தென்னை போல ஒரே குருத்து: குன்னூர் மரப்பெரணி

ஆரணியிலிருந்து குன்னூர் போகிறவர்கள், 1874-ல் தொடங்கிய சிம்ஸ் பூங்காவில் ஒரு மரத்தைப் பார்த்து ‘ஈச்ச மரமா?’ என்று கேட்பதுண்டு. அது மரப்பெரணி. இதற்குப் பூ, காய், விதை எதுவும் கிடையாது. இளம் இலை மரவட்டை போலச் சுருண்டிருந்து மெல்ல விரியும். முதிர்ந்த இலையின் அடியில் பொட்டுப் பொட்டாக ஸ்போர் பைகள் இருக்கும். தூள் போன்ற ஸ்போர் ஈரமண்ணில் விழுந்தால், முதலில் நகத்தளவு பச்சைத் தகடு வளரும். அதன்மேல் நீர்ப்படலம் இருந்தால்தான் கருவுற்றுப் புதுச்செடி உண்டாகும். அதனால்தான் நீலகிரியில் சோலைக்காட்டு ஓடைக்கரைகளில் இதைப் பார்க்கலாம்.

‘வாங்கிவந்து நடலாமா?’ என்றால், வேண்டாம். கமண்டல நாகநதி மணலாகக் கிடக்கும் கோடையை இது தாங்காது. ஆர்க்கிட் வளர்க்க இதன் தண்டை வெட்டுவோரும் உண்டு. உச்சியில் இருப்பது ஒரே குருத்து. அது போனால் தென்னையைப் போல மரமே பட்டுவிடும். எனவே இவ்வகைப் பெரணிகளின் பன்னாட்டு வணிகத்தை சைட்டீஸ் ஒப்பந்தம் கட்டுப்படுத்துகிறது.

நம் கிணற்றின் உட்சுவரில் முளைக்கும் சிறு பெரணியும் இதன் உறவுதான். பிடுங்காமல் விடுங்கள். அது பசுமையாக இருக்கும்வரை, சுவரில் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம்.